2.3 கிலோ என்று எழுதியிருந்தால் இடுப்பில் எவ்வளவு? மரம் ஏறுபவர்களின் செயின்சாக்கள், ஓர் ஒப்பீடு

மரத்தின் மேலே கொண்டு போகும் செயின்சாவைப் பார்த்ததும் கண்ணில் படுவது அதன் கைப்பிடிதான். தரையில் நின்று அறுக்கும் ரம்பத்தில் பின்கைப்பிடி எஞ்சினுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மேல்கைப்பிடி ரம்பத்தில் அது எஞ்சினின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். இதனால் ரம்பத்தின் நீளம் குறைகிறது, எடையின் மையம் பிடித்த கைக்கு நேர் கீழே வந்துவிடுகிறது, நெருக்கமான கொப்புகளுக்கு நடுவே நுழைத்துத் திருப்ப முடிகிறது. இந்த வகைக்கென்றே ஐஎஸ்ஓ 11681 தரநிலையில் இரண்டாம் பகுதி என்று ஒன்று தனியாக இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய கருவி என்று சொல்லும் அந்தத் தரநிலை, எடைக்கு 4.3 கிலோ என்று உச்சவரம்பும் வைக்கிறது. பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) செயினும் மாட்டாமல், பெட்ரோல் டேங்கும் எண்ணெய் டேங்கும் காலியாக இருக்கும்போது எடுக்கும் எடை அது.

நிறுவனங்கள் தரும் எடையும் இதே கணக்குதான். அப்படி ஒரு நிலையில் யாரும் எந்த ரம்பத்தையும் மரத்துக்குக் கொண்டு போவதில்லை.

இன்று இந்தச் சந்தையில் அடிக்கடி அடிபடும் பெட்ரோல் ரம்பங்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஒன்று 35 முதல் 40 சிசி வரையிலான பெரியவை. ஸ்டில் எம்எஸ் 201 டி 35.2 சிசி, 1.8 கிலோவாட், 3.7 கிலோ. ஹஸ்க்வர்னா டி540 எக்ஸ்பியின் இரண்டாம் தலைமுறை 37.7 சிசி, அதே 1.8 கிலோவாட், 3.9 கிலோ. எக்கோவின் சிஎஸ் 355 டியும் 35.8 சிசியோடு இந்த வரிசையில்தான் வருகிறது. இன்னொரு கூட்டம் 25 சிசியை ஒட்டிய சிறியவை. எக்கோ சிஎஸ் 2511 டி 25 சிசி, சுமார் 1.1 கிலோவாட், 2.3 கிலோ. ஸ்டில் எம்எஸ் 151 டி 23.6 சிசி, 1.1 கிலோவாட், 2.6 கிலோ. இவற்றோடு பேட்டரி ரம்பங்கள் மூன்றாவது கூட்டமாக வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றுக்குக் கணக்கே வேறு, பிறகு பார்ப்போம்.

முதலில் அந்த 2.3 கிலோவை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் முக்கால் கிலோ, செயின் எண்ணெய் சுமார் 0.9 கிலோ. சிறிய ரம்பத்தின் டேங்குகள் நிரம்பினால் ஏறக்குறைய கால் கிலோ கூடும், பெரியதில் 0.4 கிலோ. 12 அங்குல இலகு வகைப் பாரும் செயினும் சேர்த்து அரை கிலோவைத் தாண்டும். ஆக, 2.3 என்று எழுதியிருப்பது கையில் 3.1 ஆகவும், 3.7 என்று எழுதியிருப்பது 4.7 ஆகவும் வந்து நிற்கும். காகிதத்தில் சிறியது 38 சதவீதம் இலகு. மரத்தில் அது 34 சதவீதம் ஆகிறது. ஒன்றரை கிலோ வித்தியாசம் கைக்கு வந்து சேருகிறது என்பதால் இலகு என்ற விளம்பரம் முழுப்பொய் இல்லை.

சக்தியையும் இப்படி நிறைகொண்ட நிலையில் வைத்துப் பார்த்தால்தான் நியாயம். காலி எடையில் எம்எஸ் 201 கிலோவுக்கு 0.49 கிலோவாட், சிஎஸ் 2511 கிலோவுக்கு 0.48. சமம் என்றே சொல்லலாம், சின்ன எஞ்சினுக்கு அது பெரிய சாதனை. ஆனால் எண்ணெய், பெட்ரோல், பார் எல்லாம் ஏறிய பிறகு பெரியது 0.38, சிறியது 0.35. எம்எஸ் 151 கிட்டத்தட்ட 0.32-க்கு இறங்கிவிடும். காரணம் எளிது. எஞ்சினைச் சுருக்கலாம், பாரை அதே அளவுக்குச் சுருக்க முடியாது. எஞ்சின் சின்னதாகச் சின்னதாக, அது தூக்க வேண்டிய இரும்பின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. 25 சிசி ரம்பத்தில் 14 அங்குலப் பார் மாட்டிக் கேட்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். மூக்கு கனத்து, மணிக்கட்டு எந்நேரமும் முனையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதாகிவிடும். இலகு ரம்பம் வாங்கியதன் பயன் அங்கேயே போய்விட்டது.

இவ்வளவு கணக்குக்கும் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது: மரத்தில் இருக்கும் நேரத்தில் ரம்பம் எவ்வளவு நேரம் அறுக்கிறது? மிகக் கொஞ்ச நேரம். ஏறுவது, கயிற்றை மாற்றிப் போடுவது, கிளையின் மேல் நடந்து நுனிக்குப் போவது, இறக்கப்போகும் கொப்புக்குக் கயிறு கட்டுவது, கீழே இருப்பவர்கள் விலகும்வரை காத்திருப்பது, இதிலெல்லாம் ரம்பம் இடுப்புக் கச்சையில் தொங்கிக்கொண்டிருக்கும் சுமை மட்டுமே. அது அறுக்கும் நேரத்துக்குச் சக்தி வேண்டும், தொங்கும் நேரத்துக்கு இலகு வேண்டும். தொங்கும் நேரமே பெரும்பகுதி என்பதால் கழித்து ஒழுங்குபடுத்தும் வேலையில் சிறிய ரம்பம் ஜெயிக்கிறது. கையை முழுதாக நீட்டி, உடலிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கும்போது ஒன்றரை கிலோ வித்தியாசம் தோள்மூட்டில் கிட்டத்தட்ட 9 நியூட்டன் மீட்டர் கூடுதல் முறுக்காக விழுகிறது. காலையில் அது தெரியாது. மாலையில், களைத்த கையால் வைக்கும் வெட்டு கோணலாகப் போகும்போது தெரியும்.

ஆனால் இந்த வாதம் கிளையின் தடிமன் கூடியதும் தலைகீழாகிறது, அதுவும் சட்டென்று. அறுக்க வேண்டிய பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. 10 சென்டிமீட்டர் கிளையின் வெட்டுமுகம் 79 சதுர சென்டிமீட்டர், 20 சென்டிமீட்டரில் 314, 30 சென்டிமீட்டரில் 707. மூன்று மடங்கு தடிமனுக்கு ஒன்பது மடங்கு வேலை. 10 சென்டிமீட்டர் கிளையில் 1.1 கிலோவாட்டுக்கும் 1.8 கிலோவாட்டுக்கும் உள்ள வித்தியாசம் கண் இமைக்கும் நேரம்தான். 30 சென்டிமீட்டர் தண்டில் அந்த வித்தியாசம் நீண்டு, சின்ன எஞ்சின் திணறி, அறுப்பவர் ரம்பத்தை அழுத்தத் தொடங்குவார். அழுத்தினால் சுழற்சி இறங்கும், கிளட்ச் நழுவிச் சூடேறும், செயின் இன்னும் மெதுவாகும்.

நேரம் வீணாவது இதில் சின்ன விஷயம். மரத்தின் தலைப்பகுதியை வெட்டிச் சாய்க்கும்போது, சாயும் பக்கத்தில் ஆப்பு வடிவ வாய்வெட்டு போட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து பின்வெட்டை அறுத்துக்கொண்டு வருகையில் ஒரு கட்டத்தில் தலை தானாகச் சாயத் தொடங்கும். அதற்குள் போதுமான அளவு அறுந்திருக்க வேண்டும். ரம்பம் மெதுவாக இருந்தால், அறுபடாத மரம் அதிகமாக மிச்சமிருக்கும்போதே சாய்வு ஆரம்பித்து, நார் பிளந்து தண்டு நெடுக்குவாக்கில் கிழியலாம். ஏறியவரின் கச்சைக்கயிறு சுற்றியிருப்பதும் அதே தண்டில்தான். இந்த இடத்தில் வேகமே பாதுகாப்பு. 25 சிசி ரம்பத்தை எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான்.

செயினுக்கு வருவோம், ஒப்பீடுகளில் அநியாயத்துக்கு விட்டுப்போகும் பகுதி இது. பெரும்பாலான மேல்கைப்பிடி ரம்பங்களில் 3/8 அங்குலப் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளியைச் சொல்லும் அளவு) கொண்ட தாழ்வடிவச் செயின் ஓடுகிறது. எம்எஸ் 151 போன்றவற்றில் 1/4 அங்குலச் செயின், பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன் 1.1 மில்லிமீட்டர். சிறிய செயின் மெல்லிய தடத்தை வெட்டுகிறது, அதாவது தூளாக்க வேண்டிய மரம் குறைவு. அதனால் குறைந்த சக்தியை வைத்துக்கொண்டே ஒப்பேற்ற முடிகிறது. வெட்டுமுகமும் வழவழப்பாக இருக்கும். விலையாகக் கொடுப்பது என்னவென்றால், பற்கள் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம், அரம் போட நேரமாகும். 3/8 தாழ்வடிவச் செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம், 1/4 அங்குலச் செயினுக்கு 3.2 மில்லிமீட்டர். இரண்டு வகை ரம்பமும் வைத்திருப்பவரின் பெட்டியில் அரங்கள் மாறிப்போனால் பல்லின் வடிவமே கெட்டுவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மழுங்கிய செயினோடு ஓடும் 1.8 கிலோவாட் ரம்பத்தைக் கூர்மையான செயின் மாட்டிய 1.1 கிலோவாட் ரம்பம் எந்நாளும் முந்தும். இரண்டு ரம்பங்களை ஒப்பிட்டு யாராவது வியந்து பேசினால், எந்தச் செயின், எப்போது தீட்டியது என்று கேட்டுவிட்டு மேலே பேசுவது நல்லது.

செயினின் வேகம் பாதுகாப்பு உடையோடும் சம்பந்தப்பட்ட விஷயம். செயினை ஓட்டும் ஆறு பல் சக்கரம் (ஸ்ப்ராக்கெட்) ஒரு சுற்றுக்கு 3/8 தாழ்வடிவச் செயினைச் சுமார் 11 சென்டிமீட்டர் நகர்த்துகிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் விநாடிக்கு 19 மீட்டர் அளவில் வரும். வெட்டுத் தடுப்புக் கால்சட்டைகள் விநாடிக்கு 16, 20, 24, 28 மீட்டர் என்று நான்கு வேகங்களில் சோதித்துத் தரம் பிரிக்கப்படுகின்றன. சுமையில்லாமல் முழு வேகத்தில் ஓடும் சின்ன ரம்பம்கூட 20-ஐத் தாண்டலாம். ரம்பம் சிறியது, ஆகவே கால்சட்டையும் மெல்லியது போதும் என்று நினைப்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

35 சிசி வகுப்பின் வரலாறு இங்கே கொஞ்சம் தேவைப்படுகிறது. ஸ்டில் நிறுவனத்தின் 020 டியும், அதன் வாரிசான எம்எஸ் 200 டியும் நீண்ட காலம் மரம் ஏறுபவர்களின் அளவுகோலாக இருந்தன. 35.2 சிசி, 3.6 கிலோ, விசையை அழுத்திய கணத்தில் சீறும் எஞ்சின். இரண்டடி (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின்களில் பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது அந்த வடிவமைப்பு தாக்குப்பிடிக்கவில்லை. அடுத்து வந்த எம்எஸ் 201 டியில் எரிந்த புகைக்கும் புதிய கலவைக்கும் நடுவே வெறும் காற்றை ஓர் அடுக்காக விடும் முறை வந்தது. பெட்ரோல் மிச்சமானது, புகை குறைந்தது. ஆனால் விசை அழுத்தியதும் கிடைத்த அந்தச் சீற்றம் போய்விட்டதாகப் பழைய கைகள் முறையிட்டார்கள். 200 டியைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். பிறகு எரிபொருள் கலவையை மின்னணு முறையில் தானே சரிசெய்துகொள்ளும் கார்புரேட்டர் வந்தது. ஸ்டில் அதை எம்-டிரானிக் என்கிறது, ஹஸ்க்வர்னா ஆட்டோடியூன் என்கிறது. வெயில், குளிர், உயரம், அடைத்த காற்று வடிகட்டி என்று எது மாறினாலும் எஞ்சின் தன்னைத் திருத்திக்கொள்ளும். வேலைக்கு நல்லது. ஆனால் ஏதாவது கோளாறென்றால் திருகாணி முறுக்கும் கம்பியோடு நீங்களே உட்கார முடியாது, கணினி இணைப்பு உள்ள பழுதுகடைக்குத்தான் போக வேண்டும். 25 சிசி ரம்பங்களில் பொதுவாக இந்த வசதி கிடையாது. இதைக் குறை என்றும் சொல்லலாம், நிம்மதி என்றும் சொல்லலாம்.

பேட்டரி ரம்பத்தை எடையில் ஒப்பிடுவதில் ஏமாற நிறைய இடம் உண்டு. ஹஸ்க்வர்னா டி540ஐ எக்ஸ்பி, பேட்டரியும் பாரும் இல்லாமல் 2.5 கிலோ. ஸ்டில் எம்எஸ்ஏ 161 டி 2.1 கிலோ. பெட்ரோல் ரம்பத்தின் காலி எடையோடு இதை ஒப்பிட்டுவிடக் கூடாது, ஏனென்றால் தொழில்முறை 36 வோல்ட் பேட்டரி மட்டுமே ஒன்றேகால் முதல் 2 கிலோ வரை இருக்கும். எல்லாம் மாட்டியபின் பேட்டரி ரம்பங்கள் 4 முதல் 5 கிலோவுக்குள் வந்து, 35 சிசி பெட்ரோல் ரம்பத்தின் பக்கத்தில் நின்றுவிடுகின்றன. பெட்ரோல் தீரத் தீர ரம்பம் இலகுவாகும். தீர்ந்த பேட்டரியோ நிறைந்த பேட்டரியின் எடையிலேயே தொங்கும்.

ஆற்றலையும் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட் மணி இருக்கிறது. 0.3 லிட்டர் டேங்கில் 2.7. சிறிய இரண்டடி எஞ்சின் இதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் செயினுக்குக் கொடுக்கும் என்று வைத்தாலும் அரை கிலோவாட் மணி. 1.8 கிலோ எடையுள்ள ஸ்டில் ஏபி 300 எஸ் பேட்டரியில் இருப்பது 0.28 கிலோவாட் மணி, அதில் பெரும்பகுதி செயினுக்கே போகும். அப்படியும் ஒரு டேங்க் பெட்ரோலுக்கு இரண்டு பேட்டரி ஈடு. கேட்டவுடன் பேட்டரி தோற்றுவிட்டது போலத் தோன்றும். ஆனால் முன்னால் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: ரம்பம் பெரும்பாலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே அணைத்து மறுபடி கயிறு இழுத்துக் கிளப்ப மனமில்லாமல் பெட்ரோல் ரம்பத்தைச் சும்மா ஓடவிடுவார்கள். அந்த நேரமெல்லாம் பெட்ரோல் எரிகிறது. பேட்டரி அறுக்கும்போது மட்டுமே செலவாகிறது. கிளை கழிக்கும் வேலையில் இந்த ஒரு குணம் பற்றாக்குறையில் ஒரு பகுதியை அடைத்துவிடும். பெருந்தண்டைத் துண்டு போடும் வேலையில் அடைக்காது.

பேட்டரியின் பெரிய லாபம் எடையிலோ ஆற்றலிலோ இல்லை, சத்தத்தில் இருக்கிறது. பெட்ரோல் ரம்பம் காதருகே 100 டெசிபெல்லை ஒட்டி இரைகிறது. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவே அப்போது பேச்சே கிடையாது, சைகைதான். பேட்டரி ரம்பம் விசையை விட்டதும் அமைதியாகிவிடும், "நிறுத்து" என்று கீழிருந்து கத்தினால் கேட்கும். கிளை முறியத் தொடங்கும் அந்தச் சின்னச் சடசடப்பும் கேட்கும். அதே அமைதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. இரைச்சல் இல்லாததால் ரம்பம் உயிரோடு இருப்பது மறந்துபோகும். இடுப்பில் தொங்கும்போது குச்சி ஒன்று விசைக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் தானாக அணையும் அமைப்பும், தனியாக உயிர்ப்பிக்கும் பொத்தானும் வைத்திருக்கிறார்கள். அதை நம்பிச் செயின் பிரேக்கைப் போடாமல் தொங்கவிடுவது தவறு.

அதிர்வைப் பொறுத்தவரை பேட்டரிக்கே முதலிடம், அதில் விவாதத்துக்கு ஒன்றுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதி, எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சராசரியாக 2.5 மீட்டர்/விநாடி² அதிர்வைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது, 5-ஐத் தாண்டவே கூடாது என்கிறது. பெட்ரோல் ரம்பங்களில் எடையே அதிர்வை உள்வாங்கும் பொருளாகவும் இருப்பதால், இலகுவாக்கும்போது கைவிரல்களுக்கு அதிகம் போய்ச் சேரும் அபாயம் இருக்கிறது. விவரத்தாளில் எடை வரியைப் படிப்பவர்கள் அதிர்வு வரியையும் படிக்க வேண்டும்.

இனி ஒற்றைக் கை. மேல்கைப்பிடி ரம்பம் ஒரே கையால் பிடித்து அறுக்கச் செய்தது என்று நம்புகிறவர்கள் தொழிலிலேயே நிறையப் பேர். ஆனால் மரப் பராமரிப்பு வேலைக்கான அமெரிக்காவின் ஆன்சி இசட்133 பாதுகாப்புத் தரநிலை இரு கைகளால் பிடிக்கத்தான் சொல்கிறது. காரணம் பாரின் மூக்கில் இருக்கிறது. மூக்கின் மேல் கால்பகுதி எதன்மேலாவது பட்டால் செயின் கடித்து, ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். கிக்பேக் என்பது இதுதான். பின்கைப்பிடி ரம்பத்தில் இரு கைகளுக்கும் இடையே இடைவெளி அதிகம், துள்ளலை எதிர்க்க நெம்பும் பலம் கிடைக்கிறது. மேல்கைப்பிடியில் அந்த இடைவெளி குறைவு. ஒற்றைக் கையில் அதுவும் இல்லை. முன்னால் இருக்கும் காப்புத் தகட்டை இடது கை தட்டினால் பிரேக் விழும் என்பது ஒரு பாதுகாப்பு. இடது கை அங்கே இல்லையென்றால், துள்ளும் வேகத்தில் தானாக விழும் பிரேக் ஒன்றே மிச்சம். அந்த இடது கை எங்கே இருக்கும்? அறுபடும் கிளையைப் பிடித்துக்கொண்டு, செயின் போகும் பாதையிலேயே.

2.3 கிலோ ரம்பம் இந்தப் பழக்கத்தை வளர்க்கிறது என்பதே என் கவலை. 4.7 கிலோவை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்தால் சில விநாடியில் தோள் எதிர்க்கும். 3.1 கிலோவில் அந்த எதிர்ப்பு வர நேரமாகிறது. எட்டாத இடத்துக்கு நகர்ந்து நின்று, கச்சைக்கயிற்றை மாற்றிக் கட்டி, இரு கையையும் விடுவித்துக்கொள்வதற்குப் பதிலாக, ரம்பத்தை எட்டி நீட்டத் தோன்றுகிறது. எட்டி நீட்டித்தான் ஆக வேண்டும் என்ற அளவுக்குச் சின்னக் கிளை என்றால், வளைந்த கைரம்பம் ஒன்று காலில் உறையோடு கட்டியிருந்தால் போதும். ஜப்பானிய சில்கி போன்ற கைரம்பங்கள் இழுக்கும் திசையில் வெட்டுவதால், ஐந்தாறு சென்டிமீட்டர் கிளைக்கு எந்த எஞ்சினையும் கிளப்ப வேண்டியதில்லை.

ஒரே ஒரு ரம்பம்தான் வாங்க முடியும் என்பவருக்கு நான் இன்னும் 35 சிசி வகுப்பைத்தான் சொல்வேன். 12 அங்குலப் பாரோடு, 14 வேண்டாம். கழிப்பது முதல் தலைவெட்டு வரை அது தாங்கும். ஆனால் இரண்டு வைத்துக்கொள்ள முடிந்தால் அந்த 35 சிசி வகுப்பே தேவையில்லாமல் போகிறது. இடுப்பில் 25 சிசியோ பேட்டரியோ எப்போதும் இருக்கட்டும். கொப்பெல்லாம் இறங்கி வெறுந்தண்டு மட்டும் நின்றபிறகு, 50 சிசி பின்கைப்பிடி ரம்பத்தைக் கீழிருந்து கயிற்றில் ஏற்றி அனுப்பச் சொல்லலாம். தடித்த தண்டில் இரண்டு கைக்கும் இடமிருக்கும், நிற்கவும் நிலையான இடம் கிடைக்கும். அப்படி ஏற்றும் ரம்பம் எல்லாம் சேர்த்து 6.8 கிலோவைத் தாண்டினால் அதை இடுப்பில் தொங்கவிடாமல் தனிக் கயிற்றில் தாங்க வேண்டும் என்கிறது அதே இசட்133.

வாங்கும்முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. விற்பவரிடம் பாரும் செயினும் மாட்டி, டேங்குகளை நிரப்பித் தரச் சொல்லி, உங்கள் கச்சையையும் கையுறையையும் போட்டுக்கொண்டு ரம்பத்தை அதன் வளையத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். தொங்கும்போது மூக்கு கணுக்காலை நோக்கி நேராக இறங்குகிறதா, முட்டியில் இடிக்கிறதா? கையுறை போட்ட கட்டைவிரலால் அணைக்கும் சுவிட்சைப் பார்க்காமல் தொட முடிகிறதா? பிரேக்கைப் போட மணிக்கட்டு எட்டுகிறதா? இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும், 200 கிராம் கூடுதலான வேறு ரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.